ஊருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து திங்கட்கிழமைதோறும் வண்டி எழ மறுக்கிறது

சங்கரன்கோவில்_மருமகன் | செப்டம்பர் 1, இரவு 9:50

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் வசிக்கிறேன். 2016-ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். கையால் கியர் மாற்றும் வண்டி. இதுவரை 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆடித்தபசுத் திருவிழாவுக்காகக் குடும்பத்துடன் சங்கரன்கோவிலுக்குச் சென்று பத்து நாள் தங்கிவிட்டு, ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பினோம். கோவில்பட்டியில் நான்குவழிச் சாலையைப் பிடித்து மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பகல் முழுவதும் ஓட்டி வந்தபோது வண்டி ஒரு சிணுங்கல்கூடக் காட்டவில்லை.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஆகஸ்ட் 14 மாலை அடுக்ககத்தின் அடித்தளத்தில் நிறுத்தியவன், சுதந்திர நாள் விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்துகொண்டதால், 18-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில்தான் மறுபடி சாவியைத் திருப்பினேன். விளக்குகள் மங்கலாக எரிந்து, ‘டக் டக்’ என்ற ஒலியோடு அடங்கிவிட்டன. பேட்டரி மூன்று வயதைக் கடந்தது என்பதால் அன்றே 4,600 ரூபாய்க்குப் புதியது மாற்றினேன். 25-ஆம் தேதி, மறுபடியும் திங்கட்கிழமை, புதிய பேட்டரியும் அதே ஒலியை எழுப்பியது. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியிலிருந்து கேபிள் போட்டு எழுப்பி, பட்டறைக்குக் கொண்டுபோனேன். ‘டைனமோ சரியாகச் சார்ஜ் செய்யவில்லை’ என்று கூறி, அதைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றி 3,200 ரூபாய் வாங்கினார்கள். இன்று மூன்றாவது திங்கட்கிழமை. அதே கதை.

இப்போது பட்டறையில், என்ஜினைச் சுழற்றி எழுப்பும் செல்ஃப் மோட்டாராக இருக்கலாம், அல்லது வண்டியின் கம்ப்யூட்டராக இருக்கலாம் என்கிறார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அடுத்து எதை மாற்றுவது என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒயிட்ஃபீல்டு_வாசி | செப்டம்பர் 1, இரவு 10:20

பேட்டரியின் மேலே பொறித்திருக்கும் உற்பத்தி மாதத்தைப் பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்த பேட்டரியைப் புதியது என்று தலையில் கட்டிவிடுவதுண்டு. மற்றொன்று, ஊரில் வண்டியை எங்கே நிறுத்தினீர்கள்? எங்கள் வீட்டு வண்டி தஞ்சாவூர்ப் பக்கம் நான்கு நாள் வைக்கோல்போருக்கு அருகில் நின்றபோது, எலி ஒயரைக் கடித்து ஒரு மாதம் அலைய வைத்தது. என் ஓட்டு எலிக்கே.

நாமக்கல்_லாரி | செப்டம்பர் 2, காலை 6:05

எங்கள் குடும்பத்தில் மூன்று லாரிகள் ஓடுகின்றன. ஓடாத நாளில் பேட்டரி இறங்கக் கூடாது என்பதற்காகவே லாரியில் கட்-ஆஃப் சுவிட்ச் வைத்திருக்கிறோம். டிரைவர் இறங்கும்போது அதைத் திருப்பிவிட்டுத்தான் இறங்குவார். உங்களுக்கும் அதுவே மருந்து. சுவிட்ச் வாங்கும்வரை வெள்ளிக்கிழமை மாலையில் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு, திங்கட்கிழமை மாட்டிக்கொள்ளுங்கள். பத்தாம் எண் ஸ்பேனர் ஒன்று போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நெடுஞ்சாலையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு லாரியிலிருந்து காருக்குக் கேபிள் போடாதீர்கள். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். அதைக் காருக்குக் கொடுத்தால் பேட்டரியோடு மற்றவையும் போய்விடும்.

மின்னியல்_ஆசிரியை | செப்டம்பர் 2, காலை 7:40

பாலிடெக்னிக் ஒன்றில் பாடம் நடத்துகிறேன்; கார் பட்டறை அனுபவம் எனக்குக் கிடையாது. ஆனாலும் நீங்கள் எழுதியதில் பழுதின் அளவே அடங்கியிருக்கிறது என்று தோன்றுவதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

வார நாட்களில் வண்டி எழுகிறது. வார இறுதியில் மட்டும் படுத்துவிடுகிறது. செல்ஃப் மோட்டார் கெட்டிருந்தால் அதற்குக் கிழமை தெரியாது. டைனமோ கெட்டிருந்தால் செவ்வாயோ புதனோ வழியிலேயே நின்றிருப்பீர்கள். எனவே நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது என்பதே நேரான முடிவு. இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது ஏறக்குறைய ஓர் ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரக்கூடியது, இருக்கும். வெள்ளி மாலை ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஏழு மணி வரை 60 மணி நேரம். வாரம் முழுவதும் நகர நெரிசலில் ஓடி முழுச் சார்ஜ் ஏறாத பேட்டரி, அதற்குமேல் பாதியை இழந்தால் செல்ஃபைச் சுழற்றத் திணறும். பாதி என்பது 17 அல்லது 18 ஆம்பியர்-மணி. அதை 60-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.3 ஆம்பியர். அந்த அளவில் எது ஓடுகிறது என்பதுதான் கேள்வி. டிக்கியிலோ டேஷ்போர்டு பெட்டியிலோ மூடிய பிறகும் அணையாத 5 வாட் பல்பு ஒன்று 0.4 ஆம்பியர் எடுக்கும் என்பதால், என் முதல் ஐயம் அங்கே.

நல்ல நிலையில் உள்ள வண்டியும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டரின் நினைவு ஆகியவற்றுக்காக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொண்டுதான் இருக்கும். 50 என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் போகும். மூன்று நாளில் அது பேட்டரியைச் சாய்க்காது; மூன்று வாரத்தில் சாய்க்கலாம்.

ஊரில் இருந்தபோது வண்டியில் புதிதாக ஏதேனும் பொருத்தினீர்களா?

சங்கரன்கோவில்_மருமகன் | செப்டம்பர் 2, மதியம் 1:15

கணக்குக்கு மிக்க நன்றி. பேட்டரி 35 ஆம்பியர்-மணிதான். உற்பத்தி மாதம் ஜூலை என்று இருக்கிறது, ஆகவே பழைய சரக்கு அல்ல. பானெட்டுக்கு அடியில் எலி கடித்த தடமோ எச்சமோ தென்படவில்லை. ஊரில் வண்டி வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வெட்டவெளியில்தான் நின்றது. ஆடிக் காற்றில் ஏறிய புழுதியைத் தவிர வேறொன்றும் அதன்மேல் ஏறவில்லை.

புதிதாகக் குறிப்பிடும்படி எதுவும் பொருத்தவில்லை. மாமனார் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு பாட்டுப்பெட்டி வாங்கிக் கடையிலேயே மாட்டித் தந்தார், அவ்வளவே. அது நன்றாக வேலை செய்கிறது. இதோடு அதற்குத் தொடர்பு இல்லை.

டிக்கி விளக்கைச் சோதிக்க, கைப்பேசியைக் காணொளிப் பதிவில் விட்டு உள்ளே வைத்து மூடிப் பார்த்தேன். விளக்கு அணைந்துவிடுகிறது.

பழைய_ஒயர்மேன் | செப்டம்பர் 2, இரவு 8:30

கோயம்புத்தூரில் முப்பது ஆண்டுக்குமேல் வண்டி எலக்ட்ரிகல் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். ஆசிரியை அம்மா சொன்னதில் மாற்றமில்லை. ஊகம் எதையும் இப்போது நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் தம்பி அதைத்தான் தேடுவார். முதலில் அளந்து பாருங்கள். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும், ஆனால் அதில் 10 ஆம்பியர் என்று எழுதிய தனித் துளை இருக்க வேண்டும். கிளாம்ப் மீட்டர் வாங்குவதானால் கடையில் கேட்டு வாங்குங்கள். மலிவானவற்றில் பல வீட்டு மின்சாரம் போன்ற ஏசி (மாறுதிசை) மின்னோட்டத்தை மட்டுமே காட்டும், பேட்டரியில் வைத்தால் சுழியைக் காட்டி உங்களை ஏமாற்றும்.

வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்து, ரிமோட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவையும் திறந்தே வைத்து, அதன் பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி நம்பிக்கொள்ளும், நீங்களோ பிறகு ஃபியூஸ் பெட்டிக்குக் கையை நீட்டலாம். அதன்பின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரிக் கம்பத்துக்கும் நடுவே மீட்டரைத் தொடராக இணையுங்கள். முதலில் இரண்டு மூன்று ஆம்பியர் காட்டினால் பயப்பட வேண்டாம். இணைப்பு அறுந்து மறுபடி கிடைத்ததும் வண்டியின் எல்லாப் பெட்டிகளும் ஒருமுறை விழித்துக்கொள்ளும். அவை உறங்க அரை மணி நேரம், சில வண்டிகளில் அதற்கும் மேல் ஆகும். அதுவரை எதையும் தொடாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் அந்தச் சிறிய மீட்டர் வழியே போக முயன்றால் அதன் உள்ஃபியூஸ் போய்விடும், சில வேளை மீட்டரே போய்விடும்.

உறங்கிய பிறகு காட்டும் எண்ணை எழுதிக்கொண்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான். ஒன்றைப் பிடுங்கியதும் அதைத் திரும்பச் செருகாமல் ஓரமாக வரிசையில் வையுங்கள், ஏனென்றால் செருகினால் உறங்கிய பெட்டி ஒன்று விழித்துக் கணக்கைக் குழப்பும்.

அளப்பதற்கு முன்பு பேட்டரியை வெளியே கொடுத்து ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் ஏற்றுங்கள். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்று, மூன்றரை ஆம்பியர் போதும். காலியான பேட்டரியை டைனமோவே நிரப்பிவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நிரம்பிய பேட்டரியை நிரம்பியபடி வைத்திருக்கத்தான் அது. அடிவரை இறங்கியதைத் தூக்கிவிட, சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊரில் அதற்கு நேரமும் கிடையாது, வேகமும் கிடையாது.

நாமக்கல்_லாரி | செப்டம்பர் 3, காலை 5:50

ஒயர்மேன் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் அலுவலகம் போகிறவர் இத்தனை வேலை செய்ய வேண்டுமா? நெகட்டிவைக் கழற்றினால் முடிந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பழைய_ஒயர்மேன் | செப்டம்பர் 3, காலை 9:10

கழற்றி வைப்பது தவறில்லை, தம்பி. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டு வெளிநாடு போகிறவருக்கு அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை கழற்றினால், கம்ப்யூட்டர் கற்று வைத்திருக்கும் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது என்ஜின் மெதுவாக ஓடும்) கணக்கு ஒவ்வொரு திங்களும் அழிந்து, கொஞ்ச தூரம் வண்டி உதறிக்கொண்டே ஓடக்கூடும். கடிகாரமும் பின்னோக்கிப் போகும். பத்து முறை கழற்றி மாட்டினால் முனைக் கவ்வி தளர்ந்து அதுவே புதுப் பழுதாகும். இவை எல்லாவற்றையும்விட, 0.3 ஆம்பியர் எடுப்பது எது என்று தெரியாமல் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது உரசி நசுங்கிய ஒயராக இருந்தால் இன்று பேட்டரி போகும், நாளை புகை வரும்.

சங்கரன்கோவில்_மருமகன் | செப்டம்பர் 6, இரவு 10:40

இன்று மாலை முழுவதும் அடித்தளத்தில் கழிந்தது. காவலாளி இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

பேட்டரியை நேற்றிரவு கடையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றினேன். சில மணி நேரம் ஓய்வில் விட்ட பிறகு 12.6 வோல்ட் காட்டியது. மீட்டரை இணைத்ததும் 3.1 ஆம்பியர் வந்தது. சற்று நேரத்தில் 0.9 ஆனது, 40 நிமிடம் கழித்து 0.31-இல் நின்றது. அதற்கு மேல் அசையவே இல்லை. ஆசிரியை அம்மா போட்ட கணக்கு 0.3 என்பதை நினைத்து, அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ்களில் மாற்றமில்லை. உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே ஆறாவதாகப் பிடுங்கியது 15 ஆம்பியர் ஃபியூஸ், அப்போது 0.31 சட்டென்று 0.024-க்கு இறங்கியது. மூடியில் உள்ள படத்தின்படி அந்த ஃபியூஸ் ரேடியோவுக்கும் அறை விளக்குக்கும் கடிகாரத்துக்கும் பொதுவானது. அறை விளக்கு அணைந்துதான் இருந்தது. இப்போது நான் எதைத் தேட வேண்டும்?

மின்னியல்_ஆசிரியை | செப்டம்பர் 6, இரவு 11:05

விளக்காக இருந்தால் 0.4-ஐ ஒட்டி வந்திருக்கும், 0.31 என்பது பல்பின் எண்ணாகத் தெரியவில்லை. 24 மில்லி ஆம்பியர் என்பது உங்கள் வண்டியின் நியாயமான தேவை. மற்றதெல்லாம் அந்த ஒரே ஃபியூஸின் வழியே போகிறது. சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: ஊரில் மாட்டித் தந்ததாக நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்தப் பாட்டுப்பெட்டி இதே ஃபியூஸில்தான் இருக்கிறது.

பழைய_ஒயர்மேன் | செப்டம்பர் 7, காலை 6:30

இப்போது நானும் சொல்லலாம். செப்டம்பர் 2 மதியம் தம்பி எழுதியதைப் படித்த நிமிடமே எனக்கு அதுதான் பட்டது. தொடுதிரை உள்ள ஆண்ட்ராய்டு பெட்டியா? சாவியை எடுத்ததும் அது தானாக அணைகிறதா, அல்லது நீங்கள் பொத்தானை அழுத்தி அணைக்கிறீர்களா?

எந்தப் பெட்டியிலும் பின்பக்கம் ஒரு மஞ்சள் ஒயரும் ஒரு சிவப்பு ஒயரும் இருக்கும். மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு பேசிக்கொண்டிருக்கும். பெட்டியின் நினைவு அழியாமல் இருக்க அது தேவை. சிவப்பு சாவியோடு பேசும். சாவியைத் திருப்பினால்தான் அதில் மின்சாரம் வரும், சாவியை எடுத்ததும் போய்விடும், பெட்டியும் உறங்கப் போகும். சில கடைகளில் இரண்டையும் முறுக்கி ஒன்றாக மஞ்சளின் இடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், சாவி இல்லாமலும் பாட்டு வரும், வாடிக்கையாளரும் மகிழ்வார். ஆனால் சாவி எப்போதும் போட்டே இருப்பதாக அந்தப் பெட்டி நினைத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் திரை மட்டும்தான் கறுக்கும். உள்ளே இருப்பது விழித்தே இருக்கும்.

சங்கரன்கோவில்_மருமகன் | செப்டம்பர் 7, மாலை 5:20

ஐயா, நேரில் பார்த்தவர் போல எழுதியிருக்கிறீர்கள். பெட்டியின் சட்டத்தைக் கழற்றி இழுத்தேன். மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கி, அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வண்டியில் முன்பிருந்த ஒயர்க் கப்ளரில் சாவி வழியே வரும் ஒயர் எதனோடும் சேராமல் தனியே தொங்கியது. முறுக்கைப் பிரித்து, சிவப்பை அந்தத் தொங்கும் ஒயரோடு இணைத்து, எல்லாவற்றையும் மாட்டி, மறுபடி 40 நிமிடம் காத்திருந்தேன். மீட்டர் 0.028 காட்டுகிறது.

பழைய பெட்டி சாவியை எடுத்ததும் அணைந்துவிடும். இது அணையவில்லை என்பதை முதல் நாளே கவனித்தேன். அதை ஒரு கூடுதல் வசதி என்றே நினைத்தேன். பிள்ளைகள் அடித்தளத்தில் இறங்கும்வரை பாட்டு ஓடுவதில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். இதை ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்புதான் மாட்டினார்கள். அந்த இரண்டு நாளில் இறங்கியதைத் திரும்பி வந்த நாளின் நீண்ட ஓட்டம் ஏற்றிவிட்டிருக்கிறது. அதனால்தான் ஊரிலேயே அது வெளிப்படவில்லை.

இதை முதலிலேயே விரிவாகச் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. பட்டறையில் இரண்டு முறையும் ‘புதிதாக ஏதாவது போட்டீர்களா’ என்று கேட்டார்கள். இரண்டு முறையும் இல்லை என்றேன். மாமனார் அந்தப் பெட்டிக்குக் கொடுத்த விலை எனக்குத் தெரியும். பருத்தி விற்ற பணம் அது. அவர் ஆசையாக வாங்கித் தந்ததைப் பழுதின் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி இந்த இழையைத் தொடக்கத்திலிருந்தே படித்து வருகிறாள் என்பதும் உண்மை. இன்று முறுக்கிய ஒயரைப் படமெடுத்துக் காட்டியபோது, அவள்தான் ஊருக்குப் பேசி விசாரித்தாள். கடைப் பையன் தானாக அப்படிச் செய்யவில்லையாம். வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து பேரப்பிள்ளைகளோடு பாட்டு கேட்க வேண்டும், அதற்குச் சாவியைத் தேட முடியாது என்று மாமனார் கேட்டதால்தான் செய்தானாம்.

ஒயிட்ஃபீல்டு_வாசி | செப்டம்பர் 7, மாலை 6:00

என் எலி தோற்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். இனி வண்டியோடு வரும் பெட்டியைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது என்பதே என் கொள்கை.

மின்னியல்_ஆசிரியை | செப்டம்பர் 7, மாலை 6:35

பெட்டியின்மேல் பழி போடுவது சரியாகாது. சிவப்பைச் சாவியோடு சேர்த்த பிறகு அதே பெட்டி 4 மில்லி ஆம்பியர்தானே எடுக்கிறது? அவர் அளந்த 24-க்கும் 28-க்கும் இடையிலுள்ள வேறுபாடு அதுவே. வெளியே வாங்கிப் பொருத்திய டேஷ்கேமும் இருப்பிடம் காட்டும் கருவியும்கூட இதே போன்ற தொல்லையைத் தருவதுண்டு. அங்கும் பெரும்பாலும் எந்த ஒயரை எங்கே கொடுத்தார்கள் என்பதில்தான் பிழை இருக்கும். எனக்கு வருத்தமெல்லாம் அந்தப் பழைய பேட்டரியை நினைத்துத்தான். மூன்று வயதானது என்றாலும் நல்ல நிலையில் இருந்திருக்கலாம், அளக்காமலே போய்விட்டது.

சங்கரன்கோவில்_மருமகன் | செப்டம்பர் 15, காலை 8:50

இரண்டாவது திங்கட்கிழமையும் தாண்டிவிட்டது. சென்ற வாரமும் இன்றும் வண்டி எழுந்தது. இத்துடன் நன்றி கூறி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை செல்ஃப் சுழன்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. படியேறும் முதியவர் போல முதல் இரண்டு சுற்று மிக மெதுவாகப் போய், பிறகுதான் பிடித்தது. சாவியைத் திருப்புவதற்கு முன் பேட்டரியில் அளந்தபோது 12.5 இருந்தது. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.6 காட்டுகிறது. இரண்டு முறை அடிவரை இறங்கியதால் புதிய பேட்டரியும் கெட்டுவிட்டதா?

பழைய_ஒயர்மேன் | செப்டம்பர் 15, பகல் 11:30

கொஞ்சம் அடி வாங்கியிருக்கும். அதை மறுக்க முடியாது. இறங்கிய நிலையில் நாள்கணக்கில் நிற்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும், அதன் கொள்ளளவில் ஒரு பங்கு திரும்ப வராது. ஆனால் 60 மணி நேரம் நின்ற பிறகும் 12.5 காட்டும் பேட்டரியை நான் தூக்கிப் போட மாட்டேன்.

டைனமோவைக் கழற்றினார்கள் என்றீர்களே, அங்கே பாருங்கள். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயர் ஒன்று இருக்கும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியிலும் அழுத்திக்கொண்டு, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுழலும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஏறினால், பேட்டரி கொடுப்பதில் ஒரு பகுதி துருவிலும் தளர்ந்த போல்ட்டிலும் சூடாக வீணாகிறது. டைனமோ அனுப்புவதும் பேட்டரிக்கு முழுதாக வந்து சேராது.

சங்கரன்கோவில்_மருமகன் | செப்டம்பர் 20, மாலை 6:15

காவலாளிதான் சாவியைத் திருப்பினார். 0.7 வோல்ட் காட்டியது. டைனமோவுக்குக் கீழே, கியர்பாக்ஸ் பக்கமாக எர்த் ஒயரின் போல்ட்டைக் கையாலேயே அரைச் சுற்று திருப்ப முடிந்தது. வளையத்தில் பச்சை பூத்திருந்தது. கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பான உலோகம் தெரியும்படி செய்து, இறுக்கி முடுக்கினேன். இப்போது சுழலும்போது 0.1. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வருகிறது. செல்ஃப் ஒரே மூச்சில் எடுக்கிறது. அந்தப் போல்ட்டைப் பட்டறையில் தளர்த்திவிட்டு முடுக்காமல் விட்டார்களா, ஒன்பது ஆண்டாகவே அப்படித்தான் இருந்ததா என்று சொல்ல முடியாது, கேட்கவும் போவதில்லை. டைனமோவின்மேல் அவர்கள் ஐயப்பட்டதற்கு இந்த எர்த்தே காரணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி ஒரே ஒரு கேள்வி பாக்கி. மாமனாரும் மாமியாரும் தீபாவளிக்கு இங்கே வருகிறார்கள். வந்ததும் அவர் வண்டியில் உட்கார்ந்து, சாவி இல்லாமல் பாட்டு போட்டுப் பார்ப்பார். வராவிட்டால் பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார், அல்லது நான் அதைப் பிரித்ததைக் கண்டுபிடித்துவிடுவார். இரண்டையும் தவிர்க்க வழி உண்டா?

பழைய_ஒயர்மேன் | செப்டம்பர் 20, இரவு 8:00

உண்டு. மாடிப்படிக்குப் போடும் டூ-வே சுவிட்ச் தெரியுமல்லவா, அதே வகையில் வண்டிக்குரிய சிறியது ஒன்று, மூன்று கால் உள்ளது, 12 வோல்ட், 5 ஆம்பியர் தாங்குவதாக வாங்குங்கள். நடுக்காலில் பெட்டியின் சிவப்பு ஒயர். ஒரு பக்கக் காலில் சாவி வழியே வரும் ஒயர். மறுபக்கக் காலில் மஞ்சளிலிருந்து ஒரு கிளை. அந்தக் கிளையில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் செருகிவிடுங்கள். மஞ்சளையும் சிவப்பையும் சாதாரணச் சுவிட்சால் நேராகச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். அப்படிச் சேர்த்தால் மின்சாரம் சிவப்பின் வழியே பின்னோக்கிச் சாவிப் பக்கம் ஓடி, சாவி இல்லாமலே வண்டியின் வேறு சிலவற்றையும் எழுப்பிவிடும். டூ-வேயில் அந்த வழி அறுந்திருக்கும்.

திரை எரிந்து நடுத்தரச் சத்தத்தில் பாடினால் இரண்டு ஆம்பியர் அளவுக்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் இரண்டு மணி நேரம் கேட்டாலும் 4 ஆம்பியர்-மணி. நல்ல பேட்டரி அதைத் தாங்கும். இரவில் மட்டும் சுவிட்சை மறுபக்கம் தள்ளிவிடுங்கள்.

சங்கரன்கோவில்_மருமகன் | செப்டம்பர் 28, பகல் 12:10

சுவிட்சை டேஷ்போர்டு பெட்டிக்குள் பொருத்திவிட்டேன். இரண்டு பக்கமும் அளந்தாயிற்று. சாவிப் பக்கத்தில் 0.028 மாறவில்லை. பாட்டு வரும் பக்கத்தில் என் மகள் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறாள். தாத்தா வந்ததும் அதை அவளே காட்டுவதாகவும், அவர் தூங்கப் போன பிறகு இறங்கிவந்து திருப்பிவைப்பதாகவும் ஏற்பாடு.